என்னை அழைக்காத இசைத்தட்டு

மில்வாக்கி
நவம்பர் 3, 1997

அன்புள்ள நேடினுக்கு,

வேறு யாராவது எழுதி உனக்குத் தெரிவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை டெஸ்ஸின் ரெக்கார்டு கடையில், பழைய தட்டுகளை அடுக்கி வைக்கும் மரப்பெட்டிகளுக்குப் பின்னால், நாற்பத்தாறு வயதான நான் முழங்காலிட்டு ஒளிந்திருந்தேன். ஒட்டுக்கேட்பதற்குத்தான். அதில் எனக்குப் பெரிய வெட்கம் இல்லை; இந்த ஊரில் சேதி வேறு எப்படிக் கிடைக்கும்? வெட்கம் அதற்கு அப்புறம். கேட்டு முடித்து எழப் பார்த்தால் வலது முழங்கால் பூட்டிக்கொண்டது. யார் பேசியதைக் கேட்டேனோ அவர்களே வந்து, ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்து, என்னைத் தூக்கி நிறுத்தினார்கள். கீழே என்ன தேடினாய் என்று டெஸ் கேட்டாள். போல்கா ஆட்டப் பாட்டு என்றேன். மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஓர் அக்கார்டியன் தட்டையும் வாங்கிக்கொண்டு வந்தேன். என் வீட்டுக்காரி மார்ஜுக்கு அது பிடித்துப்போய்விட்டது. காலையிலிருந்து வீட்டில் அதுதான் ஓடுகிறது. இந்தக் கடிதத்தின் நடை கொஞ்சம் துள்ளலாக இருந்தால் என்னைக் குறை சொல்லாதே.

நீ நலமாக இருப்பதாக நானே முடிவு செய்துகொண்டுதான் எழுதுகிறேன். ஆகஸ்டுக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. சிட்காவில் மழை பெய்துகொண்டிருக்கும், நீ மீன் கம்பெனி அலுவலகத்தில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸோடு டைப் அடித்துக்கொண்டிருப்பாய் என்று கற்பனை செய்துகொள்கிறேன். டெஸ் கோடையில் அலாஸ்காவுக்கு விடுமுறைக்குப் போனவள் உன்னைப் பார்த்ததாகச் சொன்னாள். எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கா என்று சொல்லிவிட்டு உள் அறைக்குப் போனாள், போனவள் போனவள்தான். நான் அரை மணி நேரம் கல்லாப்பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மலை பார்த்தாளா, கரடி பார்த்தாளா, ஒன்றும் சொல்லவில்லை. ஒரு மனுஷி அவ்வளவு தூரம் போய்விட்டு வாயைத் திறக்காமல் இருப்பது எனக்குப் புரியவே இல்லை. நான் பக்கத்து ஊர் ராசீன் வரை போய்வந்தால் ஒரு வாரம் பேசுவேன்.

இங்கே எல்லாம் வழக்கம்போல. பகலெல்லாம் கார்களுக்கு சைலன்சர் மாட்டுகிறேன். மாலையில் ஊர்ப் பையன்கள் என் வீட்டு நிலவறைக்கு வந்து வாசித்துப் பழகி, நான் உண்டாக்கிய அத்தனை அமைதிக்கும் பழிதீர்த்துவிட்டுப் போகிறார்கள். நீ பாடி, கிட்டார் வாசித்து, பீட் டிரம்ஸை உடைத்து, நான் ஓரமாக நின்ற நம் 'ஈரத் தீக்குச்சி' குழு அணைந்து இரண்டு வருடமாகிறது. இருந்தும் பேஸ் வாசிக்க ஆள் கிடைக்காத குழுவெல்லாம் இன்னும் என்னைத்தான் கூப்பிடுகிறது. நான் நன்றாக வாசிக்கிறேன் என்பதற்காக அல்ல. பேஸ் கிட்டாரும் ஓடுகிற வேனும் ஒன்றாக வைத்திருக்கும் ஆள் இந்த ஊரில் நான் ஒருவன்தான்.

சரி, ஒட்டுக்கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டெஸ் புதிதாக ஒரு தொகுப்புத் தட்டு போடுகிறாள். ஊரிலுள்ள குழுக்கள் எல்லாம் ஆளுக்கொரு பாட்டு. 'பல் டாக்டரின் மகள்கள்' குழுவில் பாடுகிற கோரியிடம் (அந்தக் குழுவில் மகளும் இல்லை, பல் டாக்டரும் இல்லை, நாலும் தடிப்பையன்கள்) மாதக் கடைசியில் வரும் நன்றி நாளுக்குள் பாட்டு வந்து சேர வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் சரி சரி என்று தலையாட்டினான். அப்புறம் அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்:

"பெரிசுக்கு மட்டும் இது தெரியவே கூடாது. புரியுதா?"

பெரிசு என்றால் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. கச்சேரிக்கு வருகிற கூட்டத்தில் எனக்கு அடுத்த மூத்தவனுக்கு முப்பத்தைந்து வயது.

நீ மீன்களுக்கு நடுவில் நம் பழக்கங்களை மறந்திருக்கலாம் என்பதால் நினைவூட்டுகிறேன். மற்ற ஊர்களில் தொகுப்புத் தட்டு என்பது குப்பைத்தொட்டி. சொந்தத் தட்டில் சேர்க்க லாயக்கில்லாத பாட்டு, டிரம்மர் நடுவில் தும்மிய பாட்டு எல்லாம் அதில் போய் விழும். டெஸ் அப்படிப் போடுவதில்லை. யாருக்காவது பெரிய கஷ்டம் வந்தால்தான் போடுவாள். விற்று வருவது அவர்களுக்கு. அந்த ஆளுக்கு முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள். அவரிடம் மட்டும் பாட்டுக் கேட்கமாட்டார்கள். முதல் பிரதியைக் கொண்டுபோய் அவர் கையில் வைக்கும்போதுதான் அவருக்கே தெரியும். சொன்னால் வேண்டாம் என்றுவிடுவோமே, நாம் அப்படிப்பட்ட ஜனம். கால் உடைந்தாலும் அடுத்த வீட்டுக்காரனைத் தொந்தரவு செய்யாமல், நாமே ஆஸ்பத்திரிக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போகிறவர்கள். தட்டின் கடைசிப் பாட்டு மட்டும் எப்போதும் அவருடைய சொந்தக் குழுவின் பாட்டு, பழைய டேப்பிலிருந்து எடுத்துப் போடுவது.

இன்னொன்றும் உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டோபி கூரையிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டபோது போட்ட தொகுப்பில் ஒரு பாட்டும் உருப்படியில்லை. க்ளெனுக்காகப் போட்டபோது ஒவ்வொரு குழுவும் தன்னிடம் இருந்ததிலேயே நல்ல பாட்டைக் கொடுத்தது. ஆஸ்பத்திரி அறையில் தட்டுச் சுழற்ற எதுவும் இல்லாததால் க்ளென் அட்டையின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு, வரிசை சரியாக இருக்கிறது என்றான். அதற்கு முன்னால் அவன் எந்தத் தட்டின் வரிசையையும் சரி என்று சொன்னதில்லை. அவனைப் புதைத்த அன்றுதான் தட்டு கடைக்கு வந்தது. பாட்டு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவு மோசம் நிலைமை. அவ்வளவுதான் கணக்கு.

என் முழங்காலுக்காகவா தட்டுப் போடுகிறார்கள்? அப்படியானால் பாட்டெல்லாம் கேட்கச் சகிக்காது. அந்த தைரியத்தில் இருக்கிறேன். யாருக்கு என்ன என்று தெரிந்ததும் எழுதுகிறேன்.

மார்ஜ் விசாரித்ததாக எழுதச் சொன்னாள். அக்கார்டியன் சத்தத்தில் அவள் வேறு என்னவோகூடச் சொன்னாள், காதில் விழவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். பதில் போடு.

என்றும் உன் ஓரத்துப் பேஸ்காரன்,
லென்


மில்வாக்கி
நவம்பர் 23, 1997

அன்புள்ள நேடினுக்கு,

இந்தக் கடிதத்தில் நல்ல சேதி ஏதாவது ஒன்றாவது இருக்கட்டும் என்று மார்ஜிடம் கேட்டேன். இந்த வருடம் வெள்ளரிக்காய் ஊறுகாய் நன்றாக வந்திருக்கிறது என்றாள். அதை எழுதிவிட்டேன். இனி மற்றது.

தட்டு யாருக்கு என்று கண்டுபிடித்துவிட்டேன். எனக்குத்தான்.

நீ சிரிப்பாய் என்று தெரியும். நானும் முதலில் சிரித்தேன். பிறகு ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது.

முதலில் ஹல்வர்சன் சகோதரர்கள். அண்ணனும் தம்பியுமாக 'கோடாரி விடுமுறை' என்ற குழுவில் ஊரையே கிடுகிடுக்க வைத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? நியூயார்க்கிலிருந்து பெரிய ரெக்கார்டு கம்பெனி ஆள் வந்து மதியச் சாப்பாடு வாங்கிக்கொடுத்த அன்று பிரிந்தார்கள். அண்ணன் அந்த ஆள் காசில் இறால் தின்றான், தம்பி கையைக் கட்டிக்கொண்டு தண்ணீர் மட்டும் குடித்தான். நீ விலைபோயிட்டடா என்று தம்பி சொன்னதோடு சரி. மூன்று வருடமாக ஒருவரையொருவர் பார்த்தால் தெருவின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடுவார்கள். அம்மாவின் பிறந்தநாளுக்குக்கூட ஒருவன் காலையில் வருவான், ஒருவன் மாலையில். அந்த இரண்டு பேரும் போன வாரம் ஒரே அறையில் நின்று பாட்டுப் பதிவு செய்திருக்கிறார்கள். பதிவு செய்தது எந்தப் பாட்டு? அந்தக் கம்பெனி ஆள் கேட்டுக் கெஞ்சியும் கொடுக்காமல் வைத்திருந்தார்களே, அது. அவர்களிடம் இருப்பதிலேயே நல்ல பாட்டு அதுதான். யாருக்கும் கொடுக்காததைத் தொகுப்புத் தட்டுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

மற்றவர்களும் அப்படியே. கோரியின் குழு புதுப்பாட்டு ஒன்றை என் நிலவறையில்தான் பழகிக்கொண்டிருந்தது. ஏழு எண்ணிக்கை, எட்டு எண்ணிக்கை என்று தாளம் மாறி மாறி, திடீரென்று எல்லாம் அடங்கி, ஒரே ஒரு கிட்டார் மட்டும் நின்று அழுகிற பாட்டு. மாடியில் நான் தாடி மழித்துக்கொண்டிருந்தேன். கத்தி அப்படியே நின்றுவிட்டது. அந்தத் தடிப்பையன்களுக்கு இவ்வளவு வருமா என்று இருந்தது. மறுநாள் கீழே இறங்கிப் பார்த்தேன். சுவரில் ஒட்டிய காகிதத்தில் அந்தப் பாட்டுக்கு எதிரே டெஸ்ஸின் பெயர் எழுதியிருந்தது. நேடின், அது அவ்வளவு நல்ல பாட்டாக இல்லாமலிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன்.

அதே கோரி சனிக்கிழமை வந்து, கூப்பிடாமலே, என் முற்றத்து இலைகளை முழுக்கக் கூட்டி மூட்டை கட்டி வைத்தான். எதற்குடா என்று கேட்டேன். சும்மாத்தான் பெரிசு, நீங்க ஏன் குனியணும் என்றான். தன் சட்டையில் விழுந்த இலையைக்கூட எடுத்துப்போடாத பயல்.

வெள்ளிக்கிழமை வழக்கம்போல மீன் சாப்பிட மதுக்கடைக்குப் போனோம். நான் உள்ளே நுழைந்ததும் நம் மேஜையில் பேச்சு நின்றது. கச்சேரிகளில் கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நிற்பது நம் ஆட்களுக்குப் பழக்கம்தான். அதுதான் அவர்கள் ரசிக்கும் விதம். ஆனால் வறுத்த மீனுக்கு முன்னால் யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பீட் தன் தட்டிலிருந்த உருளைக்கிழங்கு அடையை எடுத்து என் தட்டில் வைத்தான். பீட்டை உனக்குத் தெரியும். சுற்றுப்பயணத்தில் கடைசி பிஸ்கட்டை வைத்துக்கொண்டு கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டவன். அவன் கண் கலங்கியிருந்தது. என்னடா என்றேன். கடுகு காரம் என்றான். மேஜையில் கடுகு இல்லை.

விடாமல் அவன் வாயைப் பிடுங்கினேன். அவனுடைய இப்போதைய குழுவும் பாட்டுக் கொடுத்தாகிவிட்டது என்பதை மட்டும் ஒப்புக்கொண்டான். யாருக்காக என்று கேட்டபோது முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"கேக்காத லென். மீன் ஆறுது, சாப்பிடு."

இதுவரைக்கும் கூடப் பரவாயில்லை. நேற்று நிலவறையில் நம் டேப் பெட்டியைத் தேடினேன். இல்லை. நம் பாட்டுகள் அத்தனையும் பதிவான அந்தப் பெரிய சுருள்கள். மார்ஜிடம் கேட்டேன். பீட் வந்து கேட்டான், எடுத்துக் கொடுத்தேன் என்றாள். எதற்காம் என்றேன். துடைத்து வைத்த சாப்பாட்டுத் தட்டை எடுத்து மறுபடியும் துடைத்தாள். மார்ஜ் என்னைத் திட்டிப் பத்து நாளாகிறது. காலையில் நான் மூன்றாவது சாஸேஜை எடுத்தபோது ஒன்றும் சொல்லாமல் என் தலையைக் கோதிவிட்டுப் போனாள். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் என்னை இவ்வளவு பயமுறுத்திய காரியம் வேறு எதையும் அவள் செய்ததில்லை.

ஆக, கடைசிப் பாட்டு 'ஈரத் தீக்குச்சி'. தீக்குச்சியில் மூன்று பேர். பீட்டிடம் பாட்டுக் கேட்டாகிவிட்டது, அவன் இல்லை. மிச்சம் நீயும் நானும். நீயோ விறகு பிளக்கிறவள், குளிர்ந்த கடலில் நீந்துகிறவள், உன் நாயைவிட வேகமாக மலை ஏறுகிறவள். நான் மாடிப்படி ஏறினால் நடுப்படியில் நின்று ஜன்னலை ரசிப்பதுபோல பாவனை செய்கிறவன். இதற்கு முன் போட்ட எல்லாத் தொகுப்பிலும் யாருக்காவது நான் பேஸ் வாசித்திருக்கிறேன். இந்தத் தடவை ஒரு குழுகூட என்னைக் கூப்பிடவில்லை. ஹல்வர்சன் சகோதரர்களுக்குப் பேஸ் வாசிக்க ஆளே கிடையாது. பேஸ் இல்லாமலே பதிவு செய்தார்களாம்.

டாக்டரிடமும் போனேன். எனக்கு என்ன வியாதி, மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். முழங்கால் தேய்ந்திருக்கிறது, கொழுப்பு கூடியிருக்கிறது, வறுத்த மீனைக் குறை என்றார். அவ்வளவுதானா என்றேன். போதாதா என்றார். எனக்கு நம்பிக்கை இல்லை. அவர் மருமகன் ஏதோ ஒரு குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறான்.

இதை வேடிக்கையாக எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். பயமாக இருக்கிறது, நேடின். என் சைலன்சர் கடையில் காருக்கு அடியில் படுத்திருக்கும்போது திடீரென்று வருகிறது. மேலே இரும்பு, கீழே சிமெண்ட், நடுவில் நான் மட்டும். வெளியே ஏரிப்பக்கமிருந்து காற்று வந்து கதவை ஆட்டிக்கொண்டே இருக்கிறது. யாரோ உள்ளே வர நிற்பதுபோல இருக்கிறது. எழுந்து போய்ப் பார்த்தால் யாரும் இல்லை. எல்லோருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை. அது என்ன என்று தெரிந்துவிட்டால் இவ்வளவு பயம் இருக்காது என்று நினைக்கிறேன்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். பொய் சொல்லத் தெரியாதவள் நீ ஒருத்திதான். தட்டுக்கு டெஸ் உன்னிடம் பாட்டு ஏதாவது கேட்டாளா? அங்கே வந்தபோதோ, கடிதத்திலோ? கேட்டிருந்தால் 'ஆமாம்' என்று ஒரு சொல் எழுதிப் போடு. எனக்கு விளங்கிவிடும். அதற்குமேல் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். கடைசிப் பாட்டாக அந்த நீளமானதைப் போடச் சொல். நீ முடிவில் மைக்கை விட்டுத் தள்ளி நின்று கத்துவாயே, அது. நான் அதில் இரண்டே சுரம்தான் வாசிக்கிறேன். தப்பு நேர வழியில்லை.

நீ சௌக்கியமாக இரு. நம் இருவரில் ஒருவராவது இருக்க வேண்டும்.

உன் நண்பன்,
லென்


மில்வாக்கி
டிசம்பர் 11, 1997

அன்புள்ள நேடினுக்கு,

நீ போட்ட அட்டை திங்கட்கிழமை கிடைத்தது. கடல் நீர்நாய் படம் நன்றாக இருக்கிறது. மல்லாந்து படுத்து வயிற்றின் மேல் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் இருப்பதுபோலவே என்று மார்ஜ் சொல்கிறாள்.

"லென், உனக்கு ஒன்றுமில்லை. எனக்கு நிச்சயமாகத் தெரியும். டாக்டரையும் மார்ஜையும் படுத்தாதே. இங்கே மழை" என்று எழுதியிருந்தாய். படித்ததும் எனக்கு எப்படி இருந்தது என்று கேட்காதே. கடை வாசலிலேயே நின்று ஒரு போல்கா அடி போட்டேன். சைலன்சர் மாட்ட வந்த கிழவி ஒருத்தி தன் காரை வேறு கடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அன்று மதியம் மூன்று சாஸேஜ் சாப்பிட்டேன்.

கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது. அட்டையை மறுபடி எடுத்துப் பார்த்தேன். முகவரி உன் கையெழுத்தில் இல்லை. உருண்டை உருண்டையாக, யாரோ நர்சரிப் பள்ளி ஆசிரியை எழுதியதுபோல இருந்தது. உனக்கு இப்போது காரியதரிசி இருக்கிறாளோ என்று மார்ஜிடம் வேடிக்கையாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அட்டையை என் கையிலிருந்து வாங்கி, குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டு, பின்னல் கூடையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தீக்குச்சியில் மிச்சம் நீயும் நானும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேன்.

சரி. வேறு சேதி சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கீழ்ப்பகுதி காலியாகிவிட்டது. குடியிருந்தவர்கள் போன மாதமே போய்விட்டார்கள். இத்தனை நாள் ஆள் பார்க்கவில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை. இரண்டு நாளாக அங்கேதான் வேலை. வாசலில் ஆடிக்கொண்டிருந்த கைப்பிடியை எடுத்துவிட்டுப் புதிதாக இரும்பில் போட்டிருக்கிறேன். என் சைலன்சர் குழாயில் செய்ததுதான், அசையாது. குளியலறைச் சுவரிலும் பிடித்துக்கொள்ள ஒன்று வைத்தேன். ஹீட்டர் நன்றாகச் சூடாகிறது. படுக்கை ஜன்னலோரமாக இருக்கிறது. ஏரி தெரியாது, பக்கத்து வீட்டுக்காரன் நாயைத் திட்டுவது தெரியும். உன் நாய்க்கும் இடம் இருக்கிறது. பையன்களை நிலவறைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒருவனும் ஏன் என்று கேட்கவில்லை.

காரைப் பழுதுபார்த்து வைத்திருக்கிறேன். எங்கே போக வேண்டுமானாலும், எத்தனை தடவை போக வேண்டுமானாலும், ஓட்ட நான் இருக்கிறேன். வெளியே காத்திருப்பதும் எனக்குப் பழக்கம்தான். கடையில் வேலை குறைவு. அந்தக் கிழவியும் போய்விட்டாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. வீடு காலியாக இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். நாம் உதவி வாங்கிக்கொள்ளாத ஜனம் என்று முன்பு எழுதியிருந்தேன், நீ அதைப் பிடித்துக்கொள்ளாதே. அது ஒரு பழக்கம், அவ்வளவுதான். விட்டுவிடலாம். விமானம் ஏறி வரத் தோன்றினால் மார்ஜைக் கூப்பிடு, தோன்றாவிட்டாலும் கூப்பிடு. பாட முடியவில்லை, குரல் இல்லை, பேசப் பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை. பேச்சை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் எனக்கு ஒரு நாளும் குறை இருந்ததில்லை என்பது உனக்குத் தெரியும்.

என் முந்தைய இரண்டு கடிதங்களையும் அடுப்பில் போட்டுவிடு. எழுதியவன் முட்டாள். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு தனக்குப் பயமாக இருக்கிறது என்று உன்னிடம் வந்து புலம்பியிருக்கிறான், அதுவும் உன்னிடம். அதைப் படித்துவிட்டு அவனுக்கு ஒன்றுமில்லை என்று நீ தேறுதல் எழுதியிருக்கிறாய். அந்த அட்டையை நான் ஒவ்வொரு நாளும் காப்பி எடுக்கப் போகும்போது பார்க்கிறேன்.

மார்ஜ் பின்னிய கம்பளித் தொப்பி ஒன்று இதோடு வருகிறது. நீலம் உனக்குப் பிடிக்கும் என்று அவளே எடுத்தாள். உள்பக்கம் மெத்தென்று இருக்கும்படி வேறு நூல் போட்டிருக்கிறாள். காது மூடும்படி போட்டுக்கொள். அங்கே காற்று எப்படி என்று எனக்குத் தெரியாது, இங்கே காற்று நல்லதில்லை.

கடவுளோடு எனக்குப் பேச்சுவார்த்தை குறைவு. இந்த வாரம் மார்ஜோடு தேவாலயத்துக்குப் போய் பின்வரிசையில் உட்கார்ந்தேன். என்ன கேட்டேன் என்று எழுதமாட்டேன். நீ நன்றாக இரு. நெடுநாள் இரு. சீக்கிரம் வா.

கீழ்வீட்டுச் சாவியை வைத்துக்கொண்டு காத்திருக்கும்,
லென்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை பீட் கடைக்கு வந்து, ஹல்வர்சன் பாட்டுக்குப் பேஸ் வாசிக்க என்னையும் கூப்பிட்டான். போனேன், வாசித்தேன். இத்தனை நாள் ஏன்டா என்னைக் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "உன்கிட்ட சொன்னா நீ அன்னைக்கே உக்காந்து நேடினுக்கு எழுதிடுவேன்னு டெஸ் சொன்னா" என்றான்.